ஊமைக்காயம்: கார் விபத்துக்குப் பிறகு தாமதமாகத் தலைகாட்டும் காயங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் காரை ஒருமுறை பின்னால் வந்த வண்டி இடித்தது. இறங்கிப் பார்த்தேன். பம்பர் உள்ளே போயிருந்தது, ஒரு விளக்கு உடைந்திருந்தது. என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். மறுநாள் காலை எழப் பார்த்தால் தலை தலையணையை விட்டு வரவில்லை. இரண்டு கைகளையும் பின்னந்தலைக்கு அடியில் கொடுத்து, தண்ணீர் நிறைந்த குடத்தைத் தூக்குவது போலத் தூக்கித்தான் உட்கார முடிந்தது.

அந்தக் காலையிலிருந்துதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதன் பிறகு விபத்தில் சிக்கிய நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வெளியே தெரியாத இப்படிப்பட்ட அடியைத் தமிழில் ஊமைக்காயம் என்று சொல்வதுண்டு. அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. நான் டாக்டர் இல்லை. உங்களை நேரில் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான் உங்களுக்கு முதல் வார்த்தை.

எந்த அறிகுறி வந்தால் மேலே படிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்து சில மணி நேரமோ சில நாட்களோ ஆகியிருந்தாலும் சரி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர உதவியை அழையுங்கள்: ஏறிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் சரியாக விழிக்காத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. கல் போல இறுகும் வயிறு, எழுந்து நின்றால் மயக்கம், குளிர்ந்த வியர்வை, சிறுநீரில் ரத்தம். இரண்டு கால்களிலும் பலவீனம், சிறுநீர் போக முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது.

தலைக்கோ வயிற்றுக்கோ அடிபட்ட சந்தேகம் இருந்தால் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வழியில் மயங்கினால் இரண்டாவது விபத்து.

இவ்வளவு அடிபட்டிருக்கிறது. அப்போதே ஏன் வலிக்கவில்லை?

ஆபத்து என்று தெரிந்ததும் உடம்பு அட்ரினலினை அள்ளிவிடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தம் தசைகளுக்குப் பாயும். கூடவே எண்டார்பின் என்ற வலி அடக்கும் பொருளும் சுரக்கும். இது மூளை தானே தயாரித்துக்கொள்ளும் மருந்து. தப்பிப்பதற்காக உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. இந்த வேகம் அடங்கிய பிறகுதான் வலி தெரியத் தொடங்கும்.

இரண்டாவது காரணம் வீக்கம். தசையும் தசைநாரும் கிழிந்த இடத்தில் நீர் கோத்து, வீங்கி, விறைப்பதற்கு நேரம் பிடிக்கும். பெரும்பாலும் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாள்தான் உடம்பு அதிகமாக வலிக்கும். மூன்றாவது, உள்ளுக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம். ஒரு உறுப்பை அழுத்தும் அளவுக்கோ, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அளவுக்கோ அது சேரும் வரைக்கும் ஆள் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருப்பார்.

அதனால் விபத்து நடந்த இடத்தில் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று நீங்கள் சொல்வது பொய் இல்லை. அந்த நிமிடத்தில் உடம்பு கொடுத்த தகவல் அவ்வளவுதான். என் கவலையெல்லாம், அந்த ஒரு வார்த்தையை நம்பி அடுத்த மூன்று நாளும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோமே என்பதுதான்.

எத்தனை நாள் கவனமாக இருக்க வேண்டும்?

முதல் 24 மணி நேரம் மிக முக்கியம். அடுத்து 72 மணி நேரம் வரை நெருக்கமான கவனிப்பு. அதன் பிறகு இரண்டு வாரம் வரை உடம்பில் புதிதாக எது தோன்றினாலும் விபத்தோடு சேர்த்து யோசியுங்கள். வயதானவர்களுக்கு இந்தக் கணக்கு மாதக்கணக்கில் நீளும், அதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதல் இரவு தனியாக இருக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். மூளை பாதிக்கப்பட்டால், பாதிக்கப்பட்டிருக்கிறோம் என்பதை உணரும் திறனும் அதோடு சேர்ந்து குறையும். பேச்சு மாறுவதையும், சொன்னதையே திரும்பச் சொல்வதையும் பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிப்பார்.

கார் மெதுவாகத்தான் மோதியது, கீறல்தான் விழுந்தது. இதற்கெல்லாமா காயம் வரும்?

வரும். காருக்கு ஆன சேதத்தை வைத்து ஆளுக்கு ஆன சேதத்தைச் சொல்ல முடியாது. நசுங்குவதன் மூலம் கார் மோதலின் வேகத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. காரின் முன்பகுதியையும் பின்பகுதியையும் வேண்டுமென்றே நசுங்கும்படி அமைப்பது அதற்காகத்தான். கார் நசுங்காதபோது அந்தப் பங்கும் உள்ளே இருப்பவரிடம் வந்து சேரலாம். அதே சமயம் முழுதாக நசுங்கிய காரிலிருந்து நடந்து வெளியே வந்தவர்களும் உண்டு. மோதிய திசை, உட்கார்ந்திருந்த விதம், தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, சீட்டின் தலைசாய்ப்பு எந்த உயரத்தில் இருந்தது, வயது, ஏற்கெனவே கழுத்தில் தேய்மானம் உண்டா என்று பல விஷயங்கள் இதில் சேரும்.

மறுநாள் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. இதுதான் விப்லாஷா?

பெரும்பாலும் அதுதான். விப்லாஷ் என்றால் சாட்டை வீச்சு. பின்னாலிருந்து கார் மோதும்போது சீட் உங்கள் முதுகை முன்னால் தள்ளுகிறது. தலைக்கு அந்தத் தள்ளல் உடனே போய்ச் சேராது, இருந்த இடத்திலேயே நிற்கும். உடம்பு முன்னே, தலை பின்னே என்று ஒரு கணம் கழுத்து 'எஸ்' வடிவத்தில் வளைகிறது. அப்புறம் தலை பின்னுக்குப் போய் முன்னுக்குத் தெறிக்கிறது. எல்லாம் அரை நொடிக்குள் முடிந்துவிடும்.

பிடரியில் விறைப்பு, பின்னந்தலையில் தொடங்கி முன்னால் பரவும் தலைவலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல், சிலருக்குத் தாடை வலி ஆகியவை சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும். இதில் எலும்பு முறிவு இல்லை என்றால் நல்ல செய்தி, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். ஒரு பகுதியினருக்கு மட்டும் மாதக்கணக்கில் இழுக்கும். தொடக்கத்திலேயே வலி மிகக் கடுமையாக இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம்.

எலும்பு உடைந்திருக்குமோ என்ற கேள்விக்குக் கனடாவில் உருவான ஒரு விதிமுறையைப் பல அவசர சிகிச்சைப் பிரிவுகள் பயன்படுத்துகின்றன. வயது 65 அல்லது அதற்கு மேல், ஆபத்தான வகை மோதல் (கார் உருண்டது, ஆள் வெளியே தூக்கி வீசப்பட்டது), கை கால்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது அது. இல்லாதவர்களிடம், வேறு சில விஷயங்களையும் பார்த்துக்கொண்டு, கழுத்தை இரண்டு பக்கமும் 45 டிகிரி தானாகத் திருப்ப முடிகிறதா என்று சோதிப்பார்கள். இதை வீட்டில் நீங்களே செய்து பார்க்கச் சொல்லவில்லை. உங்களுக்கு எக்ஸ்ரே எடுக்கவில்லையே என்று கவலைப்படாமல் இருக்கத்தான் சொல்கிறேன். பரிசோதனை நல்லபடியாக இருந்தால் படம் தேவைப்படாமலே போகலாம்.

கழுத்தின் நடு எலும்பைத் தொட்டாலே வலித்தால் மட்டும் அசையாமல் இருந்து உதவிக்கு அழையுங்கள்.

கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு படுத்துவிடலாமா?

முன்பெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, மெத்தென்ற பட்டையைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் படுத்திருப்பது குணமாவதைத் தள்ளிப்போடும் என்பது இப்போதைய நிலைப்பாடு. வலி அனுமதிக்கும் அளவுக்கு மெதுவாகக் கழுத்தை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இதை நம்புவது கஷ்டமாக இருந்தது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி முகவாயை லேசாக உள்ளிழுப்பதையும், ஒரு மணிக்கொரு முறை இரண்டு பக்கமும் மெல்லத் திரும்பிப் பார்ப்பதையும் ஐந்து நாள் செய்த பிறகுதான் நம்பினேன்.

கழுத்து வலிதானே, அதில் உயிருக்கு ஆபத்தான எதுவும் உண்டா?

அரிதாக ஒன்று உண்டு, அதை விட்டுவிட மனம் வரவில்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள் கழுத்து வழியாகத்தான் ஏறுகின்றன. கழுத்து வெடுக்கென்று திரும்பும்போதோ, சீட் பெல்ட் கழுத்தை அழுத்தும்போதோ தமனியின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்கலாம். இளம் வயதினருக்கும் இது நடக்கும். இதுவரை அனுபவித்திராத வகையில் கழுத்தின் ஒரு பக்கம் வலி, அதே பக்கம் இமை தொங்குவது, கண்மணி சிறுத்துப்போவது, முகம் கோணுவது, நடை தள்ளாடுவது என்று எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

தலை எங்கேயும் இடிக்கவே இல்லை. அப்படியிருந்தும் மூளை அதிர்ச்சி வருமா?

வரும். மண்டை ஓட்டுக்குள் மூளை ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடும் கார் சட்டென்று நிற்கும்போது மூளை உள்ளுக்குள்ளேயே குலுங்கும், முறுக்கிக்கொள்ளும். அதற்குத் தலை வெளியே எதிலும் மோத வேண்டும் என்பதில்லை. நினைவு தப்ப வேண்டும் என்பதும் இல்லை. மூளை அதிர்ச்சிக்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை.

அறிகுறிகள் சில மணி நேரம், சமயத்தில் ஓரிரு நாள் கழித்துத் தெரியும். வெளிச்சமும் சத்தமும் தாங்காது. படித்த வரியையே திரும்பப் படிப்பீர்கள். அடுப்பில் என்ன வைத்தோம் என்பது மறக்கும். சின்ன விஷயத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தூக்கம் அளவுக்கு மீறி வரும், அல்லது வரவே வராது. வீட்டில் உள்ளவர்கள் இதை எரிச்சல் என்றோ சோம்பல் என்றோ நினைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

முதல் ஓரிரு நாள் ஓய்வு. அதன் பிறகு இருட்டறையில் அடைந்து கிடக்காமல், அறிகுறிகள் கூடாத அளவுக்கு நடை, வீட்டு வேலை, வாசிப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவது நல்லது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகும். ஆகாவிட்டால் மறுபடி போய்ப் பாருங்கள். முழுதாகத் தேறும் முன் தலையில் இன்னொரு அடி படக்கூடாது என்பதால் விளையாட்டெல்லாம் அப்புறம்தான்.

ஸ்கேன் நார்மல் என்றார்கள். பிறகு ஏன் இவ்வளவு தொந்தரவு?

சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். மூளை அதிர்ச்சியில் கெட்டுப்போவது மூளைச் செல்கள் வேலை செய்யும் விதம், அது அந்தப் படத்தில் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்றால் இப்போதைக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் ஆபத்து தெரியவில்லை என்று பொருள். உங்கள் தலைவலி கற்பனை என்று பொருள் இல்லை.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் இறந்துபோனார் என்கிறார்களே, அது எப்படி?

நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டை ஓடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அங்கே எலும்பு விரிசல் கண்டால் தமனி அறுபட்டு, எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் சேரும். முதலில் ஒரு சின்ன மயக்கம், பிறகு தெளிவு. இந்தத் தெளிவுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. ஆள் எழுந்து நடப்பார், சிரிப்பார், வீட்டுக்குப் போகலாம் என்பார். உள்ளே ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும். பிறகு கடுமையான தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், கடைசியில் நினைவிழப்பு.

நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்தார். கார் விபத்து இல்லை, ஆனால் காயம் இதே காயம். எழுந்து சாதாரணமாகப் பேசினார், வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போய்விட்டது. சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகி, இரண்டு நாளில் இறந்தார். வயது 45. நேரத்தோடு கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையில் காப்பாற்றக்கூடிய வகை ரத்தக்கசிவு இது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

தலையில் அடிபட்டவரைத் தூங்கவிடக்கூடாதா?

டாக்டர் பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தூங்கலாம், மூளைக்குத் தூக்கம் தேவை. இரவில் எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும், அவர் சொன்ன இடைவெளியில் எழுப்புங்கள். பெயர், இடம் கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் மறுபடி தூங்கட்டும். இன்னும் டாக்டரிடமே காட்டவில்லை, ஆள் சொக்கிச் சொக்கி விழுகிறார் என்றால் அது தூக்கம் இல்லை, கிளம்புங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. விபத்து நடந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போதுதான் நடை தடுமாறுகிறது. இதற்கும் விபத்துக்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். இன்றைக்கே காட்டுங்கள். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து அதன் உறைக்குப் போகும் நூல்போன்ற சிறு சிரைகள் (ரத்தக்குழாய்கள்) அதனால் இழுபட்டு நிற்கும். லேசான குலுக்கலில்கூட அவை அறுந்து, சிரை ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியும். மூளை சுருங்கியதால் உள்ளே இடமும் இருக்கிறது, எனவே மூன்று வாரம், ஒரு மாதம், அதற்கும் மேலேகூட ஆளுக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் கால் இழுக்கும், பேச்சு தடுமாறும், பெயர்கள் மறக்கும். குடும்பத்தார் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். முதுமை மறதி என்று நினைத்த எத்தனையோ பேருக்கு, மண்டை ஓட்டில் சின்னத் துளை போட்டு அந்த ரத்தத்தை வடித்ததும் பழைய நிதானம் திரும்பியிருக்கிறது.

வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ, குளோபிடோக்ரெல், ஆஸ்பிரினோ சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அப்படிப்பட்டவர்கள் தலையில் லேசாக அடிபட்டாலும், அறிகுறி இல்லாவிட்டாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டி, என்ன மாத்திரை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

வயிற்றின் குறுக்கே சீட் பெல்ட் அழுந்திய தடம் இருக்கிறது. வலி பெரிதாக இல்லை. விட்டுவிடலாமா?

கூடாது. சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். தோளிலிருந்து மார்பின் குறுக்காக ஒரு பட்டை, இடுப்புக்கு மேலே இன்னொரு பட்டை, சிவந்தோ கன்றியோ இருந்தால் அது பெல்ட் தன் வேலையைச் செய்த அடையாளம். பெல்ட் போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தே பார்க்க முடியவில்லை. ஆனாலும் அடிவயிற்றில் அந்தத் தடம் இருப்பவர்களுக்குக் குடலிலோ முதுகெலும்பிலோ காயம் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பது டாக்டர்களுக்குத் தெரியும், அதனால் அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

குடலில் விழுந்த சிறு ஓட்டை முதல் ஸ்கேனில் தெரியாமல் போவதுண்டு. ஒரு நாள் கழித்து வயிறு உப்பி, காய்ச்சல் வந்து, தொட்டால் துடிக்கும் வலியாகும். கணையமும் அப்படித்தான். ஸ்டியரிங்குக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் நசுங்கி, மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும் வலியாகத் தாமதமாகத் தெரியும்.

இடது தோளில் அடியே படவில்லை. அங்கே ஏன் வலிக்கிறது?

இந்த ஒரு கேள்வியை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இடது விலாவுக்கு அடியில் மண்ணீரல் இருக்கிறது. மெத்தென்ற, ரத்தம் நிறைந்த உறுப்பு. அதிலிருந்து கசியும் ரத்தம் மேலே உள்ள உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை, உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோள்பட்டைத் தோலுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. மூளைக்கு வித்தியாசம் தெரியாமல், வலி தோளிலிருந்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. படுத்தால் கூடும், தோளை அசைத்துப் பார்த்தால் தோள் நன்றாகவே இருக்கும்.

மண்ணீரலின் மெல்லிய உறைக்குள் ரத்தம் கட்டி நின்று, 48 மணி நேரத்துக்குப் பிறகோ, ஒரு வாரம் கழித்தோ உறை கிழிந்து வெடிப்பதும் உண்டு. இடது விலா எலும்பு முறிந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இடது தோள் வலியோடு முகம் வெளுத்து, வியர்த்து, நாடித்துடிப்பு வேகமாக இருந்தால் அது அவசரம்.

மூச்சை இழுத்தால் விலாவில் சுருக்கென்று குத்துகிறது.

விலா எலும்பில் விரிசலாக இருக்கலாம். விரிசல் தானாகக் கூடிவிடும். பயப்பட வேண்டியது அதன் பக்கத்தில் உள்ள நுரையீரலைப் பற்றித்தான். நுரையீரல் கன்றிப்போயிருந்தால் அடுத்த ஓரிரு நாளில் மூச்சு மோசமாகும். உடைந்த எலும்பு முனை பிறகு நுரையீரலைக் குத்தி, காற்றோ ரத்தமோ வெளியே கசிந்து தேங்கலாம். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவர்களுக்குச் சளி தேங்கி நிமோனியா வருகிறது. அதனால் ஒரு தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, இருமித் துப்பச் சொல்வார்கள். விலாவைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டாதீர்கள். ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதி, படபடப்பு இருந்தால் ஈ.சி.ஜி. பார்ப்பது நல்லது.

கை கால்களில் கவனிக்க வேண்டியவை என்ன?

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தவர்கள் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலை விறைத்து நீட்டினால் அதன் அடியில் ஒரு குழி விழும். அந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால், அங்கே படகு வடிவில் இருக்கும் சின்ன எலும்பு உடைந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம். 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள், அதற்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கவனிக்காவிட்டால் எலும்பு ஒட்டாமலே போகும்.

முழங்கால் டேஷ்போர்டில் இடித்தவர்களுக்கு உள்ளே தசைநார் அறுந்திருக்கலாம். படி இறங்கும்போது கால் நழுவுவது போலத் தோன்றும். நசுங்கிய கெண்டைக்கால் இறுகி, கால்விரலை யாராவது மேலே மடக்கினாலே உயிர் போகும் வலி வந்தால், தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று அர்த்தம். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் தசை செத்துவிடும். கட்டுப் போட்டுப் படுக்கையில் இருக்கிறவர்களுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து ஒரு கால் மட்டும் வீங்கினால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அது நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத் திணறல்.

ஏர்பேக் முகத்தில் அடித்தவர்கள் கண்ணையும் காட்டுங்கள். மின்னல் வெட்டுவது போல ஒளி, கரும்புள்ளிகள் பறப்பது, ஓரத்தில் திரை விழுவது ஆகியவை விழித்திரை கழன்றுகொள்வதன் அடையாளம்.

கர்ப்பமாக இருக்கிறேன். அடி எதுவும் படவில்லை. அப்படியும் போக வேண்டுமா?

கட்டாயம் போக வேண்டும். கருப்பை நெகிழும், நஞ்சுக்கொடி நெகிழாது. குலுக்கலில் கருப்பைச் சுவரிலிருந்து நஞ்சுக்கொடி பிரியலாம், வெளியே ஒரு தடமும் இருக்காது. ரத்தமும் உள்ளேயே தேங்கி, வெளியில் வராமல் இருக்கலாம். கர்ப்பம் பாதியைத் தாண்டியிருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரமாவது தொடர்ந்து கண்காணிப்பது வழக்கம். வீட்டுக்கு வந்த பிறகு வயிறு இறுகுவது, ரத்தம் அல்லது நீர் போவது, குழந்தையின் அசைவு குறைவது எதுவானாலும் திரும்பிப் போங்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு ஊசி தேவைப்படலாம், அதை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

எங்கே வலிக்கிறது என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பது?

நடத்தையில்தான் தெரியும். சாப்பிட மறுப்பது, எடுத்தாலும் அடங்காத அழுகை, பிடித்த பொம்மையைத் தொடாமல் இருப்பது, புதிதாகப் படுக்கையை நனைப்பது, நன்றாக நடந்த குழந்தை தூக்கச் சொல்வது. கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைத்திருந்தால் உடனே கிளம்புங்கள். குழந்தைகளின் முதுகெலும்பு வளைந்து கொடுப்பதால், எக்ஸ்ரே நன்றாக இருந்தும் தண்டுவடம் அடிபட்டிருக்கலாம். கை கால் மரத்துப்போகிறது என்று குழந்தை ஒருமுறை சொன்னாலும் நம்புங்கள். விபத்தின்போது காரில் இருந்த, குழந்தைக்கான தனி சீட்டை மறுபடி பயன்படுத்தலாமா என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். பலமான மோதல் என்றால் மாற்றிவிடுவதுதான் முறை.

வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? நெட்டி முறித்தால் சரியாகுமா?

பாரசிட்டமால் போடலாம், அட்டையில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் போகாமல். தலையிலோ வயிற்றிலோ ரத்தக்கசிவு இல்லை என்று டாக்டர் சொல்லும் வரை இப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் வகைகள் வேண்டாம், அவை ரத்தம் உறைவதைக் குறைக்கும். தூக்க மாத்திரையும் மதுவும் அறிகுறிகளை மறைக்கும், அதனால் அவையும் வேண்டாம்.

கழுத்தைச் சொடுக்கி நெட்டி எடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது, வீங்கிய இடத்தை அழுத்தித் தேய்ப்பது எல்லாம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் வரை கூடவே கூடாது. முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைத்தால் போதும். அப்புறம் வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும்.

காயமெல்லாம் ஆறிவிட்டது. ஆனால் பிரேக் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது.

இதுவும் விபத்தில் பட்ட காயம்தான். முதல் சில வாரம் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த வழியைத் தவிர்ப்பது எல்லோருக்கும் வரக்கூடியது, பெரும்பாலும் தானாகக் குறையும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். பல மாதம் கழித்துத் தொடங்குவதும் உண்டு. பேச்சு வழிச் சிகிச்சையிலேயே நல்ல பலன் இருக்கிறது. ஒன்று மட்டும், பேச விருப்பமில்லாதவரை உட்காரவைத்து விபத்தை விலாவாரியாகச் சொல்லச் சொல்லாதீர்கள்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

எந்தப் பக்கம் மோதியது, நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், பெல்ட் போட்டிருந்தீர்களா, ஏர்பேக் விரிந்ததா, இடைப்பட்ட நேரம் ஏதாவது நினைவில்லையா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள். அதோடு ஒரு தாளில் நாளும் நேரமும் போட்டு, எப்போது எது தொடங்கியது என்று எழுதிக்கொண்டு போங்கள். நான் "ஞாயிறு இரவு ஒன்றும் இல்லை, திங்கள் காலை 6 மணி கழுத்து, மதியம் இடது சுண்டுவிரல் மரத்தது" என்று எழுதியிருந்தேன். அந்தச் சுண்டுவிரல் வரியைப் பார்த்துத்தான் டாக்டர் நரம்பைச் சோதித்தார். கன்றிய இடங்களைத் தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள், நிறம் மாறி மறைந்துவிடும்.

காப்பீட்டுக்கும் இதே தாள் உதவும். மருத்துவப் பரிசோதனை தள்ளிப்போனால், காயத்துக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது கடினமாகும். "எனக்குக் காயம் இல்லை" என்று அவசரப்பட்டு எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். "இதுவரை தெரியவில்லை, டாக்டரைப் பார்க்க இருக்கிறேன்" என்று எழுதினால் அது முழு உண்மையாகவும் இருக்கும்.

எப்போது மறுபடி வண்டி ஓட்டலாம்?

மூளை அதிர்ச்சி இருந்தால் டாக்டர் சரி என்ற பிறகு. கழுத்து மட்டும்தான் என்றால், நின்றிருக்கும் காரில் உட்கார்ந்து இரண்டு தோளுக்கு மேலாகவும் பின்னால் திரும்பிப் பாருங்கள். பாதியில் வலி நிறுத்தினால் இன்னும் சில நாள் பொறுங்கள். கிளம்பும் முன் தலைசாய்ப்பைச் சரி செய்யுங்கள். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு, குறைந்தது காதின் மேல்நுனிக்காவது வர வேண்டும், பின்னந்தலையை ஒட்டினாற்போல இருக்க வேண்டும். என் காரில் அது அன்றைக்குப் பிடரி உயரத்தில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை நான் தொட்டதே இல்லை.